வளர்ப்பு நாய் திடீரென நொண்டினால்

நொண்டுதல் ஒரு நோயன்று. அஃது ஓர் அறிகுறியே. பாதத்தில் தைத்த முள் அதனை உண்டாக்கலாம். முதுகெலும்பில் விழுந்த அடி உண்டாக்கலாம். உண்ணி கடித்ததால் குருதியிற் புகுந்த நுண்கிருமியும் உண்டாக்கலாம். காலையில் ஓடித் திரிந்த நாய் மாலையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால், வீட்டார் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுவர். அல்லது வீட்டில் உள்ள வலி மாத்திரை ஒன்றைச் சோற்றில் பிசைந்து கொடுப்பர். முதலாவது சில வேளைகளில் சரியே. இரண்டாவது எப்பொழுதும் தவறு. அதன் காரணம் பின்னர் விளக்கப்படும்.

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இக்கேள்வி அடிக்கடி எழுவதற்கு நிலத்தின் இயல்பும் ஒரு காரணமாகும். சேஷாசல மலையடிவாரத்து ஊர்களிலும், நிலக்கடலைக் கொல்லைகளிலும், மாந்தோப்புகளிலும் நாய் காவலுக்காக வளர்க்கப்படுகிறது. அது நாள் முழுதும் கல்லிலும் முள்ளிலும் நடக்கிறது. நகரத்திலோ மாடி வீடுகளில் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் முதலிய இனங்கள் வளர்க்கப்படுகின்றன. வழவழப்பான தரையில் அவை சறுக்கி விழுகின்றன. மாடுகளுக்குத் தடுப்பூசி போடச் சென்ற களப்பணியாளரையும், ஊர்ப் பள்ளி ஆசிரியரையும் வீட்டார் இதுபற்றிக் கேட்பது இயல்பு. நோய் இன்னதென்று முடிவு செய்வது அவர்கள் பொறுப்பன்று. இரண்டு நாள் பொறுக்கலாமா, இப்பொழுதே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டுமா என்பதைச் சொல்ல முடிந்தால் அதுவே பேருதவியாகும்.

எந்தக் கால் என்று அறிதல்

நாய் பாதம் முழுவதையும் ஊன்றி நடப்பதில்லை. விரல்களை மட்டும் ஊன்றி நடக்கிறது. பின்காலில் பின்னோக்கி வளைந்துள்ள மூட்டை முழங்கால் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. எலும்புக்கூட்டுப் படத்தை வைத்து இதனை மாணவர்க்கு எளிதில் காட்டலாம். நிற்கும் நாயின் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கை முன்கால்களே தாங்குகின்றன. எனவே முன்காலில் வலி இருந்தால் நடையில் அது தெளிவாகத் தெரியும். வலியுள்ள முன்கால் தரையைத் தொடும்பொழுது, அதன் மேல் எடை விழாதிருக்க நாய் தலையை மேலே தூக்குகிறது. நல்ல கால் ஊன்றும்பொழுது தலை தாழ்கிறது. பார்ப்பவர் பலர் தலை தாழும் பக்கத்தையே நோயுள்ள பக்கம் என்று கொண்டு, நல்ல காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பர். பின்காலில் வலி இருந்தால் அந்தப் பக்கத்து இடுப்பு மேலெழுந்து ஏறி இறங்கும். நாயைக் கயிற்றில் பிடித்துச் சமதரையில் மெதுவாக நடத்தி, முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஓட விடுதல் கூடாது.

தொட்டுப் பார்க்கும் முன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். எவ்வளவு அன்பான நாயும் வலியில் கடிக்கும். அகலமான துணிப்பட்டை ஒன்றால் வாயைச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்கிட்டு, காதுகளுக்குப் பின்னே முடிச்சிடலாம். மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூக்குக் குட்டையான இனங்களுக்கும் இக்கட்டுப் போடலாகாது. பிறகு நல்ல காலை முதலில் தடவி, நாய் அமைதியடைந்தபின், வலியுள்ள காலைப் பாதத்தில் தொடங்கி மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். இரு கால்களையும் ஒப்பிட்டால் வீக்கமும் சூடும் எளிதில் புலப்படும்.

பாதமே முதலிடம்

காரணத்தைப் பாதத்திலேயே கண்டுபிடிக்கும் நேர்வுகள் மிகப் பல. ஆதலின் இங்கே பொறுமை வேண்டும். ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்து நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சீமைக் கருவேல் முள் மெத்தையில் ஆழப் பாய்ந்து முறிந்துவிட்டால், வெளியே ஒரு கரும்புள்ளி மட்டுமே தெரியும். நெருஞ்சி முள் விரலிடுக்கில் மயிருக்குள் மறைந்திருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை முள்வாங்கியால் அது புகுந்த திசையிலேயே இழுத்து, இடத்தைச் சோப்பு நீரால் கழுவினால் போதும். ஆழப் புதைந்ததை ஊசியால் தோண்டுதல் தீங்கு. அது மருத்துவர் வேலை. முன்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாத கட்டைவிரல் நகம் தேயாமல் வளர்ந்து, வளைந்து சதைக்குள் குத்துவதும் உண்டு. கட்டியே வளர்க்கப்படும் நாய்களில் இது மிகுதி. ஆயினும் யாரும் அங்கே பார்ப்பதில்லை.

கோடையில் நண்பகல் தார்ச்சாலையில் நடத்திச் செல்லப்பட்ட நாய் நான்கு கால்களையும் மாற்றி மாற்றித் தூக்கினால், பாதமெத்தை வெந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாத சாலையில் நாயை நடத்தலாகாது. காட்டோரக் கொல்லைகளில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் கால் மாட்டி, கம்பி அறுந்து தோலுக்குள் புதைந்திருப்பதும் உண்டு. மயிர் மூடியிருப்பதால் வெளிக்குத் தெரிவது பாதத்தின் வீக்கம் மட்டுமே.

பொறுக்கலாகாத நிலைகள்

கால் இயல்பற்ற கோணத்தில் தொங்குதல், எலும்பு வெளியே தெரிதல், எடையைச் சற்றும் ஊன்றாமை, பின்கால்கள் இரண்டும் இழுபடுதல், பாதம் குளிர்ந்து உணர்ச்சியற்றிருத்தல், வண்டியில் அடிபட்டமை ஆகியவற்றில் ஒன்று இருப்பினும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வண்டியில் அடிபட்ட நாய்க்குக் கால் முறிவைவிட நெஞ்சிலும் வயிற்றிலும் ஏற்படும் உட்காயமே உயிருக்கு ஊறாகும். நாயைப் பலகையிலோ, நான்கு மூலையும் பிடித்த கோணிப்பையிலோ கிடத்தித் தூக்க வேண்டும்.

சில நிமிடங்களில் கால் கடுமையாக வீங்கி, கடிவாயிலிருந்து குருதி கசிந்தால் கண்ணாடி விரியன் முதலிய பாம்பின் கடியாக இருக்கலாம். கட்டுப் போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஒன்றும் கூடாது. நஞ்சுமுறி மருந்து நாய்க்கும் பயன்படும். காலம் தாழ்த்தாமையே முதன்மையானது.

இவற்றினும் கவனிக்க வேண்டியது வெறிநோயாகிய ரேபிஸ். வெறிநாய் கடித்த காலிலேயே முதலில் தளர்ச்சி தோன்றுவது உண்டு. சில நாய்கள் சீறிப் பாய்வதில்லை. மூலையில் ஒடுங்கி, தாடை தொங்கி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் இருக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வீட்டார் வாய்க்குள் கையை விடுவர். நொண்டலுடன் குரல் மாற்றம், எச்சில் ஒழுக்கு, பழக்கத்தில் மாறுதல் ஆகியவை சேர்ந்திருந்தால், அந்நாயை எவரும் தொடாமல் தனியே அடைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டவர், புண்ணில் எச்சில் பட்டவர், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய் வெளிப்பட்டபின் மனிதரைக் காப்பது ஏறக்குறைய இயலாது. பிள்ளைகள் கடியை வீட்டில் மறைப்பர். ஆசிரியர் கேட்டால்தான் சொல்லுவர்.

மூங்கில் தப்பையும் வலி மாத்திரையும்

திருப்பதிக்கும் திருத்தணிக்கும் இடையிலுள்ள புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர் பெற்றது. பச்சிலை அரைத்த பற்று, முட்டை வெண்கரு, மூங்கில் தப்பை, துணி ஆகியவற்றால் போடப்படும் புத்தூர்க் கட்டைத் தமிழ்நாட்டிலும் அறியாதார் இலர். அதனைப் பார்த்துப் பழகியவர் தம் நாய்க்கும் வீட்டிலேயே தப்பை வைத்துக் கட்டுகின்றனர். மனிதருக்குக் கட்டு இறுகினால் விரல் மரத்துப்போவதைச் சொல்லுவார், தளர்த்திக்கொள்வார். நாயால் சொல்ல இயலாது. பாதம் வீங்கிக் குளிர்ந்து, நாற்றம் வந்தபின் கட்டைப் பிரித்துக் காலையே எடுக்க வேண்டிய நிலை இவ்வாறு நேர்கிறது. மற்றொரு காரணமும் உண்டு. முறிந்த எலும்பு அசையாதிருக்க அதன் மேல்மூட்டும் கீழ்மூட்டும் கட்டுக்குள் அடங்க வேண்டும். தொடை எலும்பும் முன்காலின் மேல் எலும்பும் உடலை ஒட்டியிருப்பதால் இது வீட்டுக் கட்டில் முடியாது. அங்கே கட்டப்பட்ட தப்பை முறிவுக்குக் கீழே தொங்கும் பாரமாகி, முறிந்த முனைகளை மேலும் அசைக்கும். எலும்பு வெளியே தெரிந்தால் தூய ஈரத்துணியால் மூடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மனிதருக்குரிய வலி மாத்திரைகள் வலியைத் தோற்றுவிக்கும் பொருள்களின் உற்பத்தியைத் தடுக்கின்றன. அதே பொருள்களே இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் குருதி ஓட்டத்தையும் காக்கின்றன. நாயின் உடலில் ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் போன்றவை பித்தத்தோடு குடலுக்குச் சென்று மீண்டும் குருதியில் உறிஞ்சப்பட்டு நெடுநேரம் தங்குகின்றன. விளைவு இரைப்பைப் புண், குருதி வாந்தி, தார் போன்ற கருமலம், சிறுநீரகச் சிதைவு. பாரசிட்டமால் அளவு மிஞ்சினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஐந்து கிலோ எடையுள்ள சிறு நாய்க்கு மிகையே. பூனைக்கோ ஒரு மாத்திரையே உயிரைப் போக்கலாம். டைக்ளோபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. அம்மருந்து ஏற்றப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற கழுகுகள் மாண்டொழிந்ததே அத்தடைக்குக் காரணம். நாய்க்கு ஏற்ற வலி மருந்துகள் உண்டு. எடை பார்த்து மருத்துவர் தருவார். மாத்திரை முன்பே கொடுத்திருந்தால் அதன் பெயரையும் நேரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டாவது மருந்து அதனோடு சேர்ந்து தீங்கு விளைவிக்கும்.

மேற்சொன்ன அபாயங்கள் இல்லாமல், நாய் சிறிது ஊன்றி நடந்து, இயல்பாக உண்டால், ஓய்வே முதல் மருத்துவம். ஒன்றிரண்டு நாள் சிறு இடத்தில் கட்டி வைத்து, படி ஏறவும் குதிக்கவும் விடாமல், மலசலத்துக்கு மட்டும் கயிற்றோடு நடத்த வேண்டும். புதிய வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் ஒற்றலாம். சூடு போடுதல் வெறும் துன்பமே. இரண்டு நாளில் குறையாவிடினும், குறைந்து மீண்டும் வரினும் மருத்துவரைக் காண வேண்டும். திருப்பதியில் 1955-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, 2005-இல் அமைந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இன்று இயங்குகிறது.

வயதும் இனமும் காரணத்தைக் காட்டும். பெரிய இனக் குட்டிகளில் ஐந்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை, நீண்ட எலும்புகளின் உள்ளே தோன்றும் வலி காலுக்குக் கால் மாறி வந்து தானே நீங்கும். பொமரேனியன் போன்ற சிறு நாய்களில் முழங்கால் சில்லு நழுவுவதால், நான்கைந்து அடி ஒரு காலைத் தூக்கிப் பின் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். நடுவயதுப் பருத்த நாய் பின்காலைத் திடீரென்று தூக்கினால், முழங்காலின் பிணைப்பு நார் அறுந்திருக்கலாம். சோறும் ஊனும் மட்டுமே தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாது, கால் வளையும். வெயிலில் விட்டால் சரியாகும் என்பது மனிதக் குழந்தைக்குப் பொருந்தலாம். நாயின் தோல் போதிய அளவு டி வைட்டமினை உண்டாக்குவதில்லை, உணவிலிருந்தே பெற வேண்டும். ஆயினும் மருத்துவரைக் கேளாது சுண்ணாம்புச் சத்து மருந்தை மிகுதியாகக் கொடுப்பதும் பெரிய இனக் குட்டிகளின் எலும்பைக் கெடுக்கும்.

உண்ணியால் வரும் நொண்டல்

காயமில்லை, முள்ளில்லை, ஆனால் இன்று ஒரு கால், நாளை மற்றொரு கால் என நொண்டல் மாறுகிறது, மூட்டு வீங்குகிறது, நாய் உண்ணாமல் சோர்ந்து கிடக்கிறது, உடல் கொதிக்கிறது. இந்நிலையில் உண்ணிக் காய்ச்சலை ஐயுற வேண்டும். எர்லிக்கியா கேனிஸ் என்னும் நுண்கிருமி 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. 1960-களின் இறுதியில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைநாய்கள் பல இதனால் மடிந்தபின் உலகின் கவனத்தைப் பெற்றது. பழுப்பு நாயுண்ணி கடித்த ஒன்று முதல் மூன்று வாரங்களில் நோய் தோன்றும். கிருமி வெள்ளணுக்களில் குடியேறுகிறது. குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைகின்றன. ஈறு வெளிறுதல், வயிற்றுத் தோலில் செம்புள்ளிகள், மூக்கில் குருதி ஒழுகுதல் ஆகியவை அதனால் வருவன. குருதிச் சோதனையால் நோயை உறுதி செய்து டாக்சிசைக்ளின் மருந்தை வழக்கமாக 28 நாள் கொடுப்பர். சில நாளிலேயே நாய் துள்ளி எழுந்துவிடும். உடனே மருந்தை நிறுத்துவோர் பலர். கிருமி உடலில் எஞ்சி, மாதங்கள் கழித்து எலும்பு மச்சையைத் தாக்கினால் மீட்பது அரிது.

காதுமடலிலும் விரலிடுக்கிலும் உள்ள உண்ணியை முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வெறும் விரலால் நசுக்கலாகாது. மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் புண்ணாக்கும். நாய் அதை நக்கவும் செய்யும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தின் மிச்சத்தை நாயின்மேல் தெளிப்பது அதனினும் கொடிது. அதனால் வலிப்பு வந்து இறந்த நாய்கள் உண்டு. நாய்க்குரிய உண்ணி மருந்தை எடைக்கேற்ப இட வேண்டும். அவற்றுட் சில, சிறப்பாகப் பெர்மெத்ரின் கலந்தவை, அதே வீட்டுப் பூனைக்கு நஞ்சாகும்.

நாயின்மேல் மருந்திட்டதோடு வேலை முடிவதில்லை. பெண் உண்ணி வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, சுவரேறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆறுகால் குஞ்சு, எட்டுகால் இளவுண்ணி, முதிர்ந்த உண்ணி என மூன்று பருவத்திலும் அது நாயின் மேல் ஏறிக் குருதி குடித்து மீண்டும் இறங்குகிறது. இடையே பல மாதம் உணவின்றியும் வாழும். எனவே நாய் படுக்கும் இடத்துச் சாக்கைக் கொதிநீரில் இட்டு, சுவர் விரிசலையும் கதவுநிலை இடுக்கையும் பூசி அடைத்து, மருத்துவர் கூறும் மருந்தை அவ்விடங்களில் தெளிக்க வேண்டும். அம்மருந்து முட்டையை அழிப்பதில்லை. ஆதலின் இரண்டு மூன்று வாரம் கழித்து, குஞ்சுகள் வெளிவந்த சமயத்தில், மீண்டும் ஒருமுறை தெளிக்க வேண்டும்.