பெற்றோல் பம்ப் மாற்றுமுன் கராஜ் கதவைத் திறவுங்கள்

கனடாக் குளிரில் கராஜ் கதவைப் பூட்டிக்கொண்டு கார் வேலை பார்ப்பது எங்களில் பலரின் பழக்கம். பெற்றோல் பம்ப் மாற்றும்போது மட்டும் அது வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு படர்ந்துபோய், ஹீற்றரின் சிறு சுவாலையிலும் பற்றிக்கொள்ளும்.

பம்ப் இன்னும் ஓடுமானால், அதன் பியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுகிறோம். குழாயிலுள்ள அழுத்தம் இறங்கும். அடுத்து பற்றறியின் நெகற்றிவ் வயர். பல கார்களில் பின் இருக்கைக்குக் கீழேயே மூடி இருக்கும். இல்லையென்றால் தாங்கியையே இறக்கவேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காமல் திறந்தால் அவ்வளவும் தாங்கிக்குள் விழும். பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடவேண்டாம். பூட்டியபின் திறப்பை இரண்டு மூன்று முறை 'ஒன்' செய்து, கசிவு பார்த்த பிறகே ஸ்ரார்ட்.

இனியாவது தாங்கியைக் காயவிடாதீர்கள். பம்பைக் குளிரவைப்பது அந்தப் பெற்றோல்தான்.