ஒரு மாத நெட் 53 நிமிஷத்தில் காலி! தெரியுமா?

விளம்பரப் பலகையில் கொட்டை எழுத்தில் "100" என்று போட்டிருக்கிறதே, அந்த வேகத்தில் உங்கள் வீட்டு இணைப்பு உண்மையாகவே ஓடினால் 40 ஜிபி பெக்கேஜ் எவ்வளவு நேரம் தாங்கும் தெரியுமா? ஒரு மாதமா? ஒரு வாரமா? வெறும் 53 நிமிஷம்! நம்பாவிட்டால் நீங்களே கணக்குப் போடுங்கள். அந்த 100 என்பது மெகாபிட். நாம் கோப்பை அளப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக 100 என்பது செக்கனுக்கு பன்னிரண்டரை மெகாபைட். 40 ஜிபியை அதால் வகுத்தால் 3,200 செக்கன் வரும். மாத்தளை நகரில் பஸ் ஏறி ரத்தோட்டையில் இறங்கி ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் மாதம் முழுவதுக்குமான நெட் தீர்ந்துவிடும். அதிவேகக் காரை வாங்கிக் கொடுத்துவிட்டு, மாதத்துக்கு இரண்டு லீட்டர் பெற்றோல்தான் என்பது மாதிரி!

தீர்ந்தால் என்ன ஆகும்? இணைப்பு துண்டிக்கப்படாது, சொட்டத் தொடங்கும். என் வீட்டில் ஒரு முறை போன்கள் தாமாகவே அப்டேட் ஆகி, ஒன்பதாம் நாளே எல்லாம் முடிந்தது. மிஞ்சியது 64 கிலோபிட் வேகம். மூன்று மெகாபைட் கடந்தகால வினாத்தாள் ஒன்றை இறக்க ஆறு நிமிஷத்துக்கு மேல் போனது. கம்பனிக்கு அழைத்தேன். இருபது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். பாட்டு மட்டும் நிற்காமல் தெளிவாகக் கேட்டது.

சரி, இதைக் கேளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு தனியாக டேட்டா தருகிறார்களே, ஏன் தெரியுமா? தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். கம்பனிகள் சர்வதேச அலைவரிசையை மொத்தமாக வாங்கும்போது உலகெங்கும் பழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு உண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பார்கள். மாதக் கடைசியில் அந்த அளவுகளை வரிசைப்படுத்தி, உச்சத்திலுள்ள ஐந்து சதவீதத்தைத் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்ததற்கே பில் போடுவார்கள். 720 மணி நேரத்தில் 36 மணி நேர உச்சம் கழிபட்டுப் போகிறது. ஆக, செலவைத் தீர்மானிப்பது இரவு ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை ஊரே சேர்ந்து வீடியோ பார்க்கும் நேரம்தான். விடியற்காலை இரண்டு மணிக்கு அந்தக் குழாய் சும்மா கிடக்கிறது. சும்மா கிடப்பதை எடுத்துத் தருவதில் அவர்களுக்கு நட்டம் ஏதுமில்லை.

நட்டம் யாருக்கு? எல்கடுவப் பக்கம் ஒரு லயத்தில் நான் பார்த்தது இது. காம்பராவின் ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளை ரவுட்டர், விழாமல் இருக்க ரிப்பன் துண்டால் கட்டப்பட்டிருந்தது. மழைச் சாரல் படாமல் மேலே ஒரு சீனிப் பை. அந்த ஜன்னல் தவிர வேறெங்கு வைத்தாலும் சிக்னல் ஒரு கோடுதான். ஏ.எல். படிக்கும் பிள்ளை பன்னிரண்டேகாலுக்கு அலாரம் வைத்து எழும்பி, வகுப்பு வீடியோக்களை இறக்கப் போட்டுவிட்டு மறுபடி படுக்கிறாள். ஐந்து மணிக்கு அம்மா மலைக்குக் கிளம்ப எழும்பும்போது பாதிதான் இறங்கியிருக்கிறது. அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பகல்ல படிக்கிற பிள்ளைக்கு ராவுல ஏங்க நெட்டு குடுக்கிறாங்க?"

இன்னொரு வேடிக்கை. உலக ஒப்பீட்டுப் பட்டியல்களில், ஒரு ஜிபிக்கு எத்தனை டொலர் என்று பார்த்தால், இலங்கை மலிவான நாடுகளின் பக்கத்தில்தான் நிற்கும்! ஐ.நா. அகன்ற அலைவரிசை ஆணைக்குழு இன்னொரு அளவுகோல் வைத்திருக்கிறது: ஆரம்ப நிலை இணைப்பின் விலை, தலைக்கு வரும் மாத தேசிய வருமானத்தில் இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நல்ல அளவுகோல்தான். ஆனால் தேசியச் சராசரி என்பது கொழும்பு மாடி வீட்டையும் கந்தேநுவர லயத்தையும் ஒன்றாகக் கூட்டி இரண்டால் வகுப்பது. தோட்டத்தில் அதைவிடத் துல்லியமான அளவுகோல் ஒன்று நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அதற்குப் பெயர் "பேர்". கொழுந்து சொன்ன நிறைக்கு வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். நெட் பில்லையும் அதால்தான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

அளந்து பார்ப்போமா? 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. அப்போது ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிய செய்மதிகள் வழியே நெட். இந்தத் தீவின் நீளத்தை நிமிர்த்தி வைத்தாலும் எட்டாத உயரம்! நக்கிள்ஸ் மலை மடிப்புகளுக்குள் கிடக்கும் லக்கலப் பக்கத்துக் கிராமங்களுக்கும் வானம் இருக்கிறதல்லவா, இனிக் கவலையில்லை என்று எல்லோரும் துள்ளினோம். வீட்டு இணைப்பின் விலை மாதம் 15,000 ரூபா என்று வந்தது. 2024 இல் 1,350 ரூபாவாக்கப்பட்ட நாட்சம்பளத்தில் அது பதினொரு பேர்! மாதத்தில் பதினொரு நாள் நெட்டுக்காகவே கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. அலைவாங்கித் தட்டின் விலை தனி.

வரிக் கதை தெரியுமா? மாத்தளைக்காரருக்கு வரி என்றால் இரத்தத்தில் ஊறிய கோபம் உண்டு. 1848 இல் டொரிங்டன் ஆளுநராக இருந்த காலத்தில் நாய்க்கு ஒரு ஷில்லிங், துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங் என்று அடுக்கடுக்காக வரி போட்டார்கள். ஜூலையில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிவிட்டு ஜனங்கள் மாத்தளையில் புகுந்தார்கள். ஓகஸ்டில் கிளர்ச்சியை நடத்திய வீர புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். நாய் வரிக்கு அந்தக் கொந்தளிப்பு என்றால் நெட் வரிக்கு? 2017 செப்டெம்பரில் இணையத்துக்கான 10 சதவீதத் தொலைத்தொடர்பு வரியை நீக்கினார்கள், ஊரே வாழ்த்தியது. பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360. கம்பனிக்குக் கருவியும் அலைவரிசையும் டொலரில். கோபுரத்துக்கு மின்சாரமும் ஜெனரேட்டருக்கு டீசலும் ஏறிய விலையில். செப்டெம்பர் 5 அன்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு கட்டணம் 20 சதவீதம் உயர்ந்தது. அதே வருஷம் மே வரை 8 சதவீதமாக இருந்த வற் வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. இரண்டரை சதவீத சமூகப் பாதுகாப்பு வரி வேறு. அதன் மேலும் வற் ஏறும், அதாவது வரிக்கு வரி! இரண்டும் சேர்ந்தால் 100 ரூபாவுக்கு ஏறத்தாழ 21 ரூபா. பெக்கேஜ் விலைக்குப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் "வரி தனி" என்று இருக்குமே, அது இதுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், கம்பனியின் பக்கத்திலும் கணக்கு உண்டு. செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்புக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் செத்துவிடும். ஐந்து கிலோமீற்றர் தாண்டினால் மூச்சுத்தான் மிச்சம். மலையில் கோபுரம் ஒன்று நட்டால் அது பள்ளத்தின் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும், மறுபக்கம் நிழல். கொழும்பில் ஒரு கோபுரத்தைப் பங்கு போடும் ஆட்கள் ஆயிரக்கணக்கில். இங்கே மூன்று லயமும் ஒரு கோயிலும். இது போதாதென்று ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி. முதல் முழக்கம் கேட்டதும் மாத்தளை வீடுகளில் துணி எடுக்க ஓடுகிறார்களோ இல்லையோ, ரவுட்டர் வயரைக் கழற்ற ஓடுவார்கள். பிந்தினால் பில்லோடு புது ரவுட்டர் விலையும் சேரும்.

கொரோனாக் காலத்தில் நாம் பார்க்காததா? பதுளை மாவட்டத்து பொஹிட்டியாவ கிராமப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காகக் காட்டு வழியே மலை உச்சிப் பாறைக்கு ஏறிய படங்கள் 2021 இல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அதே வருஷம்தான் அன்லிமிட்டட் பெக்கேஜ் வேண்டும் என்று பாவனையாளர்கள் போட்ட சத்தத்துக்குப் பிறகு, தொலைத்தொடர்பு ஆணைக்குழு அதற்கு வழிவிட்டது. அன்லிமிட்டட் என்றால் எல்லையில்லாதது என்று நினைத்தீர்களா? அதற்கும் "நியாயமான பாவனை" என்று ஒரு வேலி உண்டு!

வெளியே என்ன நடக்கிறது தெரியுமா? பின்லாந்தில் 2010 ஜூலையிலேயே ஒரு மெகாபிட் இணைப்பு சட்டப்படி குடிமகனின் உரிமையானது. கேரளத்தில் 2023 ஜூனில் அரசே கே-ஃபோன் என்று சொந்த ஃபைபர் வலையைத் திறந்து, ஏழை வீடுகளுக்கு இலவசம் என்றது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது இங்கிலாந்தின் லங்காஷயர் விவசாயிகள்தான். கம்பனிகள் "உங்கள் பக்கம் லாபமில்லை" என்று கைவிரித்ததும், 2011 இல் பீ-ஃபோர்-ஆர்-என் என்று சொந்தமாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்கள் வயல்களுக்குள் தாங்களே மண்வெட்டியும் கிண்டும் இயந்திரமுமாக இறங்கி ஃபைபர் புதைத்தார்கள். வெட்டியவருக்கு மீற்றருக்கு ஒன்றரை பவுண், அதைச் சங்கத்தில் பங்காகவும் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் பட்டிக்காட்டுப் பண்ணை வீடுகளில் அன்று மாதம் 30 பவுணுக்கு செக்கனுக்கு ஆயிரம் மெகாபிட் கிடைத்தது! எனக்கு 1848 இன் இன்னொரு வரி ஞாபகம் வந்தது. வருஷத்துக்கு ஆறு நாள் ரோட்டு வேலை செய், அல்லது மூன்று ஷில்லிங் கட்டு என்ற வீதி வரி. அன்று வெட்டிய ரோடு துரைமார் கோப்பி இறக்குவதற்கு. லங்காஷயரில் வெட்டிய கான் வெட்டியவன் வீட்டுக்கே போகிறது.

இந்தக் கதையை ரத்தோட்டையில் ஒரு கொமியூனிகேஷன் வாசலில் ரீலோட் போட வந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். தோட்டத்தில் முப்பது வருஷம் கான் வெட்டி ஓய்ந்தவர். ஃபைபர், மெகாபிட், செய்மதி எதற்கும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் ஓர் இடத்தில் நிமிர்ந்தார்.

"மீற்றருக்கு ஒன்றரை பவுணுன்னா நம்ம காசுக்கு எவ்வளவு தம்பி?"

"அறுநூறு ரூபா மாதிரி வரும், ஐயா."

உதட்டுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப ரெண்டேகால் மீற்றர் வெட்டினா ஒரு பேரு!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அங்கிட்டு ஆள் எடுக்கிறாங்களா?"