மறதி நோய் வந்த வீட்டில் பார்த்துக்கொள்பவரின் தூக்கமும் உரிமையும்

மாலை ஐந்தரை மணி ஆனால் சில வீடுகளில் பதற்றம் தொடங்கிவிடும். பகல் முழுக்க அமைதியாக இருந்த மாமியார் பீரோவைத் திறந்து, புடவைகளை ஒரு மஞ்சள் பைக்குள் திணிப்பார். "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்பார். நாற்பது வருஷமாக அவர் குடியிருக்கும் வீடே அதுதான். "இதுதான் அத்தை உங்க வீடு" என்று மருமகள் சொன்னால் கோபம் பொங்கும். "என்னைத் தடுக்க நீ யாரு?" என்று கேட்டுக் கதவைத் தட்டுவார். டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த வீட்டில் இது ஒருநாள் இருநாள் விஷயம் அல்ல. ஐந்து, எட்டு, சில சமயம் பத்து ஆண்டுகளுக்கும் மேல் நீளும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் காவல் காப்பது மனைவியோ மகளோ மருமகளோ, அதுவும் அநேகமாக ஒரே ஒருவர். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும் அந்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

அவர் நன்றாக இல்லை என்பதற்கு உடம்பே சாட்சி. அமெரிக்காவில் மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களின் கையில் ஒரு சிறு காயத்தை ஏற்படுத்தி, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. 1995இல் வெளியான ஆய்வு இது. நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999இல் வெளியான இன்னொன்று, துணையைப் பராமரித்து அதனால் மன அழுத்தத்துக்கும் ஆளான முதியவர்களுக்கு இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகம் என்று கண்டது. மனம் தாங்காததை உடம்பு தாங்குவதில்லை.

பார்த்துக்கொள்பவர் தளர்வதன் அறிகுறிகள் சத்தம் போட்டு வருவதில்லை. தன் சர்க்கரை மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். முதுகுவலிக்குத் தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடியிருக்கும். கல்யாணம், காதுகுத்து எல்லாம் நின்றுபோயிருக்கும். ஒரே கேள்வி இருபதாவது முறை வரும்போது கை ஓங்கிவிடும். அப்புறம் குளியலறைக்குள் போய் அழுவார். இப்படிக் கோபம் வருகிற எல்லோரும் கெட்டவர்கள் அல்ல, தூக்கம் கெட்டவர்கள். கை ஓங்குகிற அளவுக்குப் போனால், நோயாளி விழாமல் உட்கார்ந்திருக்கிறாரா, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ஐந்து நிமிடம் பதில் சொல்லாமல் இருப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

மாலை நேரப் பதற்றத்தைக் குறைப்பதே பார்த்துக்கொள்பவருக்குப் பெரிய ஓய்வு. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். வாதாடாதீர்கள். "சரி போகலாம், காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று சொல்லலாம். பையை அவர் கையிலேயே கொடுத்துத் தெருமுனை வரை நடந்து திரும்பினால் பல நாள் அதோடு அடங்கிவிடும். பசி, வலி, சிறுநீர் முட்டுவது ஆகியவற்றை வாயால் சொல்லத் தெரியாமலும் பதறுவார்கள். ஓரிரு நாளில் திடீரென நிலைமை மோசமானால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தன்னைக் கவனித்துக்கொள்வது என்றால் பாட்டு, தியானம், நடைப்பயிற்சி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவை நல்லவைதான். ஆனால் நடக்கப் போகும் அரை மணி நேரம் நோயாளியோடு யார் இருப்பார்கள்? அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் கொடுக்கும் அறிவுரை, ஏற்கெனவே களைத்தவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதுதான். எனவே முதலில் கேட்க வேண்டியது நேரம். "யாராச்சும் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். "தம்பி, மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அம்மாகூட நீ இரு" என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் இரவுப் பணிக்கு ஒரு ஆள் வைக்கும் சம்பளத்தைக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது முழுத் தூக்கம் கிடைத்தாக வேண்டும்.

இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதே இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 பிள்ளைகள் என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. எழுதப்பட்ட கடமை ஒருவருக்கு, பாரம் இன்னொருவருக்கு என்பதுதான் நம் வீடுகளின் நிலை. பராமரிப்புத் தொகை கேட்டு, ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பெற்றோரால் இயலாவிட்டால் அவர் அதிகாரம் அளித்தவர் கொடுக்கலாம், தீர்ப்பாயம் தானாகவே முன்வந்தும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை மீது மட்டும் மனு வந்தால், பொறுப்புள்ள மற்றவர்களையும் சேர்க்கும்படி அந்தப் பிள்ளை கேட்க முடியும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100. இதுவரை உதவி கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஆள் இல்லாதது அல்ல, கேட்காததுதான் என்று பல வீடுகளில் அப்போது தெரியவரும்.

இன்னொரு சட்டம், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் நோயும் அதன் வரையறைக்குள் வருகிறது. அரசு தர வேண்டிய மனநலச் சேவைகளில், நோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவு அளிப்பதையும் வீட்டிலேயே மறுவாழ்வுச் சேவை தருவதையும் 18ஆம் பிரிவு பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு.

எங்கே போவது? மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு முதல் படி. சென்னையில் கிண்டியில் 2024இல் முதியோருக்கான தேசிய மையம் திறக்கப்பட்டிருக்கிறது. 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனநல அமைப்பு மறதி நோய்க்கும் சேவை தருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். வெளியே போக முடியாத பராமரிப்பாளருக்கு இது பெரிய உதவி. முதியோர் உதவிக்கு 14567.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூங்க வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, "ரெண்டு பேரும் போயிட்டா நல்லது" என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பேசும்போது நோயாளியின் கதையை மட்டும் சொல்லி வைத்துவிடாமல், உங்கள் தூக்கம், கோபம், பயம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அடுத்த முறை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உங்கள் பெயரிலும் ஒரு ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளுங்கள். பிரஷர், சர்க்கரை, தூக்கம் மூன்றையும் அதே நாளில் காட்டிவிட்டு வரலாம்.