ஓய்வுக்குப் பிறகு மண்ணைத் தோண்டிய பொறியாளர்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுப் பணத்தில் ரெண்டு ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயத்துக்கு வரும் பொறியாளர்கள் நிறைய. "சாருக்குப் பொழுது போகணுமில்ல" என்று ஊரில் சிரிப்பார்கள். அப்படிச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஆர்தர் காட்டன் நினைவுதான் வரும்.

காட்டனை அணை கட்டியவராகவே நாம் அறிவோம். 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடமே கற்றதாக ஒப்புக்கொண்டவர். 1852-ல் கோதாவரியில் தவளேசுவரம் அணை முடிந்தது. அந்த டெல்டாவில் இன்றும் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை உண்டு.

1860-களில் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனவர் சும்மா உட்காரவில்லை. பிரம்மபுத்திரா வழியாகச் சீனாவின் யாங்சி ஆற்றுக்குப் பாதை காணலாம் என்று எழுதினார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நம் பகுதி அடங்கிய அன்றைய சேலம் மாவட்டமும் தவித்தது. ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்குப் போடுங்கள் என்று வாதாடினார். 1878-ல் பாராளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டுக் குடைந்து எடுத்தது.

முதுமையில் அவரைப் பிடித்துக்கொண்டது மண். டார்க்கிங் ஊரில் தன் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கிளறி, காற்றுப் புக விட்டு, கோதுமை விதைத்து விளைச்சலைக் கணக்குப் பார்த்தார். 1899-ல், 96 வயதில் காலமானார். வாழ்நாளெல்லாம் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்டவர், கடைசியில் மண்ணின் ஆழத்தில் வந்து நின்றார்.

நம்ம மேட்டு நிலத்துக்கு எந்த வாய்க்காலும் ஏறி வராது. பெய்கிற மழைதான் கதி. வருஷா வருஷம் ரோட்டாவேட்டர் ஓட்டி ஓட்டி, முக்கால் அடிக்குக் கீழே செம்மண் தரை போட்ட மாதிரி இறுகிக் கிடக்கிறது. ராகி வேர் அதில் முட்டி மடங்குகிறது. மழைத் தண்ணீரும் மேலோடு ஓடிவிடுகிறது.

அதுக்காக அடிமண்ணை மேலே புரட்டிப் போடச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் உயிருள்ள மேல்மண் புதைந்துபோகும். அடுத்தடுத்து ரெண்டு பாத்தி எடுங்க. ஒன்றை வழக்கம்போல உழுங்க. மற்றதில் கடப்பாரையை ஒன்றரை அடி இறக்கி, புரட்டாமல் நெம்பி மட்டும் விடுங்க. ரெண்டுக்கும் ஒரே எரு, ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு. மழை நின்ற மூன்றாம் நாள் ஈரம் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று தோண்டிப் பாருங்க. அறுப்பில் தனித்தனியாக எடை போடுங்க.

ஏக்கர் கணக்கில் கடப்பாரை போட ஆளுக்கு எங்கே போவது? அங்கே துவரை, ஆமணக்கு, சணப்பு வேர்களை விடுங்க. ராகிக் காட்டில் சால் விட்டு அவரை, துவரை, ஆமணக்கு போட்ட நம்ம பெரியவங்க இந்தக் கடப்பாரை வேலையை வேருக்கே விட்டுவிட்டார்கள்.

கம்பெனியிலிருந்து வருகிற சார்களுக்கு அளவெடுத்து எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. நமக்கு மண் தெரியும். சிரிக்காமல் அவங்களையும் பாத்தி ஓரத்துக்குக் கூப்பிடுவோம். நோட்டும் தராசும் எடுத்துக்கிட்டு வரட்டும்.