ஏழு ஆண்டு அப்டேட் சரி, எப்போது வரும்?

2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசை அறிமுகமானபோது, இந்த போன்களுக்கு ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவோம் என்று சாம்சங் அறிவித்தது. ஆண்ட்ராய்டு உலகில் அது பெரிய வாக்குறுதி. அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று ஆண்ட்ராய்டு 15-இன் மூலநிரலை கூகுள் வெளியிட்டது. அக்டோபர் 15 அன்று கூகுளின் சொந்த பிக்சல் போன்களுக்கு அது வந்தது. எஸ்24 வாங்கியவர்களுக்கு ‘ஒன் யுஐ 7’ என்ற பெயரில் அது வரத் தொடங்கிய நாள் 2025 ஏப்ரல் 7. மூலநிரல் வெளியாகி ஏழு மாதங்கள் ஓடியிருந்தன. இடையில், பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த புதிய எஸ்25 அதே ஒன் யுஐ 7-ஐ ஏற்றிக்கொண்டே கடைக்கு வந்துவிட்டது. பழைய வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள்.

அடுத்த முறை நிலைமை மேம்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூன் 10 அன்று வெளியான ஆண்ட்ராய்டு 16, மூன்று மாதங்களில், செப்டம்பர் 15 அன்று, எஸ்25 போன்களுக்கு வரத் தொடங்கியது. ஆனால், லட்ச ரூபாயைத் தொடும் போன்களிலேயே ஒரு முறை ஏழு மாதம், ஒரு முறை மூன்று மாதம் என்றால், பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் வைத்திருப்பவர் என்ன எதிர்பார்ப்பது?

போன் விளம்பரங்கள் இப்போது ‘எத்தனை ஆண்டு அப்டேட்’ என்பதைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு கூகுள் ஏழு ஆண்டு அறிவித்த பிறகு இந்தப் போட்டி சூடு பிடித்தது. கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற நடுத்தர விலை போனுக்கும் சாம்சங் ஆறு ஆண்டு என்று சொல்லியிருக்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால், வெளியான அப்டேட் எத்தனை நாளில் நம் போனுக்கு வந்து சேரும் என்ற கேள்விக்கு எந்த விளம்பரத்திலும் பதில் கிடையாது.

அப்டேட் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆண்ட்ராய்டு 14-இலிருந்து 15-க்குப் போவது போன்ற பதிப்பு மாற்றம். திரையின் தோற்றம் மாறும், சில வசதிகள் கூடும். இது தாமதமானால் எரிச்சல்தான், ஆபத்து குறைவு. இன்னொன்று செக்யூரிட்டி பேட்ச். மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பது. இதில் தாமதம் வேறு வகையானது. எந்த ஓட்டை, எந்தப் பகுதியில் என்ற விவரம் கூகுளின் மாதாந்திர அறிக்கையில் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகிறது. அதை நல்லவர்கள் மட்டும் படிப்பதில்லை. அறிக்கை வெளியான நாளிலிருந்து நம் போனில் பேட்ச் ஏறும் நாள்வரை, பூட்டு உடைந்திருப்பது ஊருக்கே தெரிந்த வீட்டில்தான் நாம் குடியிருக்கிறோம்.

இந்த மாதாந்திர ஏற்பாடே ஒரு பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வந்ததுதான். 2015 ஜூலையில் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டையை ஜோஷுவா டிரேக் என்ற ஆய்வாளர் வெளிப்படுத்தினார். வீடியோவைக் கையாளும் ஆண்ட்ராய்டு நிரலில் இருந்த குறை அது. ஒரு எம்எம்எஸ் வந்தால் போதும், போன்காரர் அதைத் திறக்காமலேயே தாக்குதல் நடக்கலாம் என்றார் அவர். அப்போது புழக்கத்தில் இருந்த ஆண்ட்ராய்டு சாதனங்களில் சுமார் 95 கோடி பாதிக்கப்படக்கூடியவை என்று அவர் பணியாற்றிய ஜிம்பீரியம் நிறுவனம் மதிப்பிட்டது. கூகுளிடம் திருத்தம் தயாராக இருந்தது. அதைக் கோடிக்கணக்கான போன்களுக்குக் கொண்டுசேர்க்க வழிதான் இல்லை. அடுத்த மாதமே மாதந்தோறும் பேட்ச் வெளியிடும் முறை தொடங்கியது. சாம்சங்கும் எல்ஜியும் தாங்களும் மாதாமாதம் தருவதாகச் சொன்னார்கள்.

அதற்கு முன்னும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2011 மே மாதம், புதிய போன்களுக்குப் பதினெட்டு மாதங்கள் அப்டேட் தருவோம் என்று கூகுளும் முன்னணி தயாரிப்பாளர்களும் கூட்டாக அறிவித்தார்கள். சில காலத்தில் அந்தக் கூட்டணி பேச்சுமூச்சின்றி மறைந்தது. 2014 செப்டம்பரில் டெல்லியில் சுந்தர் பிச்சை ‘ஆண்ட்ராய்டு ஒன்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய நிறுவனங்களின் போன்கள், 6,399 ரூபாயிலிருந்து. அப்டேட்டைத் தயாரிப்பாளரை நம்பி விடாமல் கூகுளே தரும் என்பதுதான் அதன் அடிப்படை. குறைந்த விலை போன் வாங்குபவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்ற அந்த எண்ணம் சரியானது. இன்று அதே விலைப் பிரிவில் அதற்கு ஈடாக ஒன்று இல்லாதது எனக்கு வருத்தமே.

ஏன் தாமதம்? கூகுள் நிரலை வெளியிட்டதும், குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் அதைத் தங்கள் சிப்புக்கு ஏற்பத் தயார் செய்ய வேண்டும். பிறகு போன் நிறுவனம் தன் கேமரா, தன் தோற்றம், தன் செயலிகளைச் சேர்த்து, மாடல் மாடலாகச் சோதிக்க வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் ஒப்புதல் தர வேண்டியிருக்கும். நாம் பெரும்பாலும் போனைத் தனியாகக் கடையில் வாங்குவதால் அந்தக் கடைசித் தடை நமக்கு அவ்வளவாக இல்லை.

சிப் நிறுவனங்களால் வரும் தாமதத்தைக் குறைக்க 2017-இல் ‘டிரெபிள்’ என்ற மாற்றத்தை கூகுள் கொண்டுவந்தது. சிப் சார்ந்த நிரல் தனி, ஆண்ட்ராய்டு தனி என்று பிரித்துவிட்டார்கள். ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைப் புதுப்பிக்கலாம். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, சில முக்கியப் பகுதிகளை ப்ளே ஸ்டோர் வழியாகவே திருத்தும் வசதியும் வந்தது. போனில் ‘கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்’ என்று பார்த்திருப்பீர்கள், அதுதான். 2025 பிப்ரவரியில், தன் ஸ்னாப்டிராகன் 8 எலைட் சிப் தொடங்கி எட்டு ஆண்டுகள்வரை அப்டேட்டுக்கு வழி செய்வதாக குவால்காமும் சொல்லிவிட்டது. தொழில்நுட்பம் கையைக் கட்டியிருந்த காலம் பெருமளவு போய்விட்டது.

உண்மையில் அந்தக் காலத்திலேயே நீண்ட கால அப்டேட் சாத்தியமாகியிருக்கிறது. 2016-இல் சோனி தன் எக்ஸ்பீரியா இசட்3 போனில் ஆண்ட்ராய்டு 7-ஐச் சோதனைக்கு விட்டது. பின்னர் இறுதிப் பதிப்பு கிடையாது என்று கைவிட்டது. அதில் இருந்தது ஸ்னாப்டிராகன் 801 சிப். அதே சிப்பில் இயங்கிய இன்னொரு போன், ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஃபேர்போன் என்ற சிறிய நிறுவனத்தின் ஃபேர்போன் 2. ஆண்ட்ராய்டு 5-உடன் 2015 இறுதியில் வந்த அந்தப் போனுக்கு, சிப் நிறுவனத்தின் ஆதரவு நின்ற பிறகும் ஆண்ட்ராய்டு 7, 9, 10 என்று கொண்டுவந்து, 2023 மார்ச் வரை அப்டேட் தந்தார்கள். பெரிய நிறுவனங்களோடு ஒப்பிட்டால் ஃபேர்போனிடம் இருந்த ஆட்களும் பணமும் மிகச் சொற்பம். ஆகவே ‘முடியாது’ என்று ஒரு பெரிய நிறுவனம் சொன்னால் அதை ‘செலவழிக்க விருப்பமில்லை’ என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். போன் விற்றால் பணம் வரும். விற்ற போனுக்கு பேட்ச் தயாரித்தால் செலவு மட்டும்தான் வரும். ஆண்டுக்குப் பல மாடல்களை இறக்கும் நிறுவனத்துக்கு அந்தச் செலவு மாடலுக்கு மாடல் பெருகும்.

ஐபோனோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. சிப்பும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், புதிய ஐஓஎஸ் தகுதியுள்ள எல்லா மாடல்களுக்கும் உலகெங்கும் ஒரே நாளில் கிடைக்கிறது. 2013-இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. இந்த ஒன்றில் ஆப்பிள் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

செக்யூரிட்டி பேட்ச் விஷயத்தில் தயாரிப்பாளர்களுக்குத் தகவல் தெரியாமல் போவதில்லை. அறிக்கை வெளியாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அவர்களுக்கு கூகுள் விவரம் தந்துவிடுகிறது. இருந்தும் என்ன நடக்கிறது என்பதை 2018-இல் ஜெர்மனியின் செக்யூரிட்டி ரிசர்ச் லேப்ஸ் காட்டியது. கார்ஸ்டன் நோலும் ஜேக்கப் லெல்லும் சுமார் 1,200 போன்களின் மென்பொருளை ஆராய்ந்தார்கள். போன் திரையில் காட்டும் பேட்ச் தேதி ஒன்று, உள்ளே உண்மையில் அடைக்கப்பட்டிருந்த ஓட்டைகள் வேறு. கூகுள், சாம்சங், சோனி போன்களில் விடுபட்டவை மிகக் குறைவு. வேறு சில நிறுவனங்களில் சராசரியாக நான்குக்கும் மேல். குறைந்த விலை சிப் உள்ள போன்களில் நிலைமை இன்னும் மோசம். தாமதத்தையாவது மன்னிக்கலாம். செய்யாத வேலைக்குத் தேதி போடுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது.

கூகுளையும் இதில் விட்டுவிட முடியாது. 2022-இல் ஆர்ம் நிறுவனத்தின் மாலி கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் நிரலில் ஐந்து ஓட்டைகளை கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவே கண்டுபிடித்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆர்ம் திருத்தம் கொடுத்துவிட்டது. நவம்பரில் அந்தக் குழு சோதித்தபோது, மாலி சிப் கொண்ட எந்தச் சோதனை போனுக்கும் திருத்தம் வந்திருக்கவில்லை. அந்தத் திருத்தம் வராத போன்களின் வரிசையில் பிக்சலும் இருந்தது.

‘அப்டேட் போட்டால் போன் மந்தமாகிவிடும்’ என்று பயந்து தவிர்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2018-இல் இத்தாலியின் போட்டி ஆணையம், பழைய போன்களைத் தடுமாற வைத்த அப்டேட்டுகளுக்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு ஐம்பது லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. ஆக, பயத்துக்குக் காரணம் உண்டு. பதிப்பு மாற்றம் வந்தால் ஒரு வாரம் பொறுத்து, மற்றவர்கள் அனுபவம் கேட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி பேட்ச் வந்தால் அன்றே ஏற்றிவிடுங்கள். வங்கிக் கணக்கும் யுபிஐயும் ஆதாரும் அந்த ஒரே கருவியில் இருக்கின்றன.

சட்டம் என்ன செய்யலாம்? நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமென்டன்பாண்ட், அப்டேட் தரவில்லை என்று சாம்சங் மீது 2016-இல் வழக்குப் போட்டு 2018-இல் தோற்றது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்பதை விற்கும்போதே அறிவிக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று அந்தச் சட்டம் வற்புறுத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போனது. 2025 ஜூன் 20 முதல் அமலான அதன் விதி, ஒரு மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளைக் கணக்கிடுகிறது. மூலநிரல் வெளியான நான்கு மாதங்களுக்குள் பாதுகாப்பு அப்டேட்டும், ஆறு மாதங்களுக்குள் புதிய வசதிகளுக்கான அப்டேட்டும் கிடைக்க வேண்டும். நான்கு மாதம் என்பது என் பார்வையில் நீண்ட காலம். புதிய பதிப்பைத் தயாரித்தே ஆக வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்லாததும் ஓட்டைதான். ஆனாலும், எத்தனை நாளில் என்ற கேள்வியை ஒரு சட்டம் கேட்டிருக்கிறது.

நமக்கு முக்கியமானது அந்தக் கணக்கின் தொடக்கப் புள்ளி. இங்கே நிறுவனங்கள் சொல்லும் ஆண்டுகள், மாடல் முதன்முதலில் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகின்றன. தீபாவளித் தள்ளுபடியில் ஒன்றரை ஆண்டு பழைய மாடலை வாங்குபவர் ‘மூன்று ஆண்டு அப்டேட்’ என்பதில் பாதியை வாங்கும்போதே இழந்துவிடுகிறார். செகண்ட் ஹேண்ட் வாங்குபவரின் நிலை இதைவிடக் கடினம். ஆண்ட்ராய்டு ஓட்டைகளைப் பற்றி மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அவ்வப்போது எச்சரிக்கிறது. தயாரிப்பாளர் தரும் அப்டேட்டை ஏற்றிக்கொள்ளுங்கள் என்கிறது. தயாரிப்பாளர் தராவிட்டால் என்ன செய்வது?

வாங்குமுன் செய்யக்கூடியது சிறிது உண்டு. மாடல் உலகில் எப்போது அறிமுகமானது என்று பாருங்கள். வாக்களித்த ஆண்டுகளை அங்கிருந்து எண்ணுங்கள். எந்த மாடலுக்கு மாதாமாதம், எதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேட்ச் என்ற பட்டியலை சாம்சங் வெளியிடுகிறது. அதுபோல் வெளியிடாத நிறுவனத்தைச் சந்தேகியுங்கள். கையில் இருக்கும் போனில் செட்டிங்ஸ் போய், ஆண்ட்ராய்டு பதிப்பு என்ற இடத்தில் பேட்ச் தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்கு முந்தைய தேதி இருந்தால், அந்தப் போனில் வங்கி வேலை வேண்டாம்.

மீதியை அரசுதான் செய்ய வேண்டும். கதிர்வீச்சு அளவான எஸ்ஏஆரை வாங்குபவர் அறியும்படி காட்ட வேண்டும் என்று 2012-இலேயே இந்தியா விதி வகுத்தது. அதிகபட்ச சில்லறை விலையையும் தயாரித்த மாதத்தையும் அச்சிடவும் சட்டம் இருக்கிறது. அதே இடத்தில், ‘பாதுகாப்பு அப்டேட் இந்த மாதம், இந்த ஆண்டுவரை’ என்று ஒரு வரியையும், பேட்ச் எத்தனை நாளில் தரப்படும் என்று இன்னொரு வரியையும் நுகர்வோர் விவகாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். ஐந்தாயிரம் ரூபாய் போனுக்கும் அது பொருந்த வேண்டும்.