வெந்த கிழங்கில் நீர் ஏன் ஏறுவதில்லை?

உருளைக்கிழங்கின் தோலைச் சீவி, அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டி, நடுவில் குழி தோண்டுங்கள். குழியில் பாதியளவு சர்க்கரைக் கரைசலை ஊற்றி, அதன் மட்டத்தில் ஒரு குண்டூசியைக் குத்தித் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். சில மணி நேரத்தில் கரைசல் ஊசியைத் தாண்டி ஏறியிருக்கும்.

கிழங்கின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வு தண்ணீரை எளிதாக விடும். சர்க்கரையை அப்படி விடாது. அதனால் நீர்த்த பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்துக்குச் செல் செல்லாகத் தண்ணீர் நகர்கிறது. இதுவே சவ்வூடு பரவல்.

இந்தச் சோதனையின் உயிர் இரண்டாவது கிழங்கில்தான் இருக்கிறது. பலரும் அதைத் தவிர்த்துவிடுவது வருத்தமே. வேகவைத்த கிழங்கில் இதையே செய்தால் மட்டம் ஏறாது. செல்சுவர் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், ஆனால் வெப்பம் சவ்வைச் சிதைத்துவிடுகிறது. கரைசலில் ஒரு சொட்டு மை கலந்து பாருங்கள், நிறம் மெல்ல வெளித் தண்ணீரில் கசியும். ஆக, வேலை செய்வது சுவர் அல்ல, சவ்வு.

தோலை விட்டுவைத்தால் பச்சைக் கிழங்கும் ஏமாற்றும். தோலின் தக்கைப் படலம் தண்ணீரைத் தடுக்கும்.

கரைசலே இல்லாமல், குழியில் வெறும் சர்க்கரையைப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் அங்கே நீர் ஊறி நிற்கும்.