வயித்துக்குள்ள ஒரு காத்தாலை!

காலை ஏழு மணி. குண்டடம் பஸ் ஸ்டாப். "கண்ணு, ரெண்டு இட்லியாச்சும் தின்னுட்டுப் போ சாமி"ன்னு அம்மா வாசல் வரைக்கும் ஓடி வந்தது நம்ம காதுல விழுந்திருக்காது. தாராபுரம், பல்லடம், கோவைன்னு ஆளுக்கொரு திசையில் காலேஜ். இன்டர்வெல்லில் வெறும் வயித்துல ஒரு டீ, ரெண்டு பப்ஸ். மூணு மணி கிளாஸில் நெஞ்செரிச்சல். சாயந்திரம் பஸ் ஜன்னல் வழியா காற்றாலைகளைப் பார்த்தால், 'இதுல ஒண்ணு நம்ம வயித்துக்குள்ளயும் சுத்துதோ?'ன்னு டவுட் வரும்!

சிரிப்பாகத்தான் இருக்கும். என் கிளாஸ்மேட் ஒருத்தனுக்கு நடந்ததைக் கேட்கும் வரை.

செமஸ்டர் லீவில் அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனான். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை வரை 'ஒன்றரை ஷிப்ட்'. காலையில் சாப்பாடு கட். பதினோரு மணிக்குத் தலைவலி. ஒரு டீயோடு கடையில் கிடைத்த வலி மாத்திரை ஒன்று. இப்படியே மூணு வாரம். வயிறு எரிந்தபோது, "கேஸ்தான் மச்சி, சோடா குடிச்சா சரியாயிடும்" என்றான். ஒருநாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அடுத்த நாள் மயங்கி விழுந்தான். எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது கேஸ் இல்லை. இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு.

ஏன் இப்படி?

நம் இரைப்பையில் சுரப்பது வீரியமான ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சுவரை அரிக்காமல் காப்பது ஒரு வழவழப்பான படலம். சில வலி மாத்திரைகளை அடிக்கடி போட்டால் அந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும். புண்ணுக்கு இன்னொரு முக்கியக் காரணம், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 'அல்சர்னா டென்ஷனும் காரமும்தான்' என்று உலகமே நம்பிய காலத்தில், ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிறு கெட்டு, விஷயத்தை நிரூபிக்க முயன்றார். 2005-ல் ராபின் வாரனுக்கும் அவருக்கும் நோபல் பரிசு! கிருமிதான் காரணம் என்றால் மருந்தில் குணமாக்கலாம். ஆனால் அதை டெஸ்ட் பண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும், சோடா குடித்து அல்ல.

சரி, என்ன பண்ணலாம்?

* காலையில் எதையாவது சாப்பிடுங்க. இட்லிக்கு நேரமில்லையா? ஒரு சொம்பு கம்பங்கூழும் மோரும் போதும். டம்ளரில் ஊற்றிக் குடிக்க ரெண்டு நிமிஷம்.

* மென்னு தின்னுங்க. பஸ் வருதுன்னு அவசரமா முழுங்கும்போது காற்றையும் சேர்த்து முழுங்குறோம். ஏப்பம் அங்கிருந்துதான் வருது. சோடா, கூல்டிரிங்க்ஸ் இன்னும் கொஞ்சம் காற்றை ஏத்தும்.

* ஹாஸ்டல் மகாராஜாக்களே, ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா சால்னா வெட்டிவிட்டு உடனே படுக்காதீங்க. படுத்தால் அமிலம் மேலே ஏறும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் ரெண்டு, மூணு மணி நேரம் இருக்கட்டும்.

* கீரை, கொள்ளு, கொய்யா... நம்ம ஊரில் நார்ச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் திடீரென்று நிறைய சேர்த்தால் வயிறு ஊதும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

* சாப்பிட்டதும் குடல் அசைய ஆரம்பிக்கும். அதனால்தான் காலை டிபனுக்குப் பிறகு 'வருது' என்று தோன்றும். அதை அடக்கி அடக்கி வைத்தால் மலச்சிக்கல் நிச்சயம். பத்து நிமிஷம் முன்னாடி எழுந்தால் போதும்.

கேர்ள்ஸ் சொல்லாத விஷயம்

காலேஜ் டாய்லெட் சுத்தமில்லை என்பதால் காலையிலிருந்து சாயந்திரம் வரை தண்ணீரே குடிக்காத பெண்கள் எத்தனை பேர்! மலச்சிக்கல், தலைவலி, சிறுநீர்த் தொற்று என்று வரிசையாக வரும். இதைத் தனியாளாகச் சமாளிக்க முடியாது. டாய்லெட்டில் தண்ணீரும் தாழ்ப்பாளும் கேட்டு எல்லோரும் சேர்ந்து பிரின்சிபால் ரூம் கதவைத் தட்டுங்க. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எப்போ டாக்டர்?

கறுப்பு மலம், ரத்த வாந்தி, முழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்தைக் கெடுக்கும் வயிற்றுவலி, வலது அடிவயிற்றில் கூடிக்கொண்டே போகும் வலி. இதில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் கேட்காதீங்க, டாக்டரிடம் ஓடுங்க.

குண்டடம் வடுகநாதர் கோயிலைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. மிளகு மூட்டையோடு வந்த வியாபாரியிடம் ஒரு பெரியவர் கொஞ்சம் மிளகு கேட்டாராம். கொடுக்க மனசில்லாமல், "இது பயறுங்க" என்று புளுகினானாம். மூட்டையைப் பிரித்தால் நிஜமாகவே பயறு!

"சாப்பிட்டியா கண்ணு?" என்று அம்மா போனில் கேட்கும்போது நாமும் தினம் ஒரு பொய் சொல்கிறோம். அம்மா நம்பிவிடுவார். வயிறு நம்பாது. என் நண்பன் இப்போ நல்லா இருக்கான். பையில் முதலில் ஏறுவது டிபன் பாக்ஸ், அப்புறம்தான் புக்!